நாலாவது நாற்காலி

இந்தக் கணக்குப் பரீட்சையை ஒழித்துக்கட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று ஒரு நாள் காலையில் முடிவெடுத்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சமையலறை வாசலில் நின்று அதை உலகத்துக்கு அறிவித்தேன். உலகம் என்றால் என் மனைவி.

“நான் விடமாட்டேன். கடைசிவரைக்கும் போராடப் போறேன்.”

“போராடுங்க. முதல்ல அந்த இன்னொரு கன்னத்தையும் வழிச்சிட்டுப் போராடுங்க.”

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம். அரை கிராம் குறைந்தாலும் யாரும் என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. இது வெளியே. வீட்டில் முத்திரை வைக்கும் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

பரீட்சை விவகாரம் இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊர் முழுக்க ஒரே கேள்வித்தாள். ‘வாழ்க்கையோடு ஒட்டிய கணக்கு’ என்று அதற்குப் பெயர். எந்தக் கேள்வியை எடுத்தாலும் ‘உன் வீட்டில்’ என்றுதான் ஆரம்பிக்கும். விடைத்தாளின் தலைப்பில் ஒரு கட்டம். வீட்டில் எத்தனை பேர் என்று பெற்றோர் முன்கூட்டியே அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் திருத்துவார்கள்.

பெற்றோர் குழுவில் எல்லோர் போனும் கொதித்தது. பல் டாக்டர் எழுதினார்: “நாயைச் சேர்க்கணுமா, வேண்டாமா? எங்க வீட்ல அதுதான் முதல்ல சாப்பிடுது.” வங்கி மேனேஜரம்மா எழுதினார்: “என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர்றார். ஏழுல ஒண்ணுன்னு போடலாமா?” தையல்கடைக்காரருக்கு வேறு கவலை: “மாடியில குடியிருக்கறவர் மூணு வேளையும் எங்களோடதான் சாப்பிடறார். அவரைக் கணக்குல சேர்த்துட்டா அப்புறம் கிளம்பச் சொல்ல முடியுமா?”

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். ஒரே ஒருவர் மட்டும் அனுப்பவில்லை. என் மனைவியும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் புரட்சிக்காரன் அல்ல. எங்கள் பாப்பா ஒத்திகைப் பரீட்சையில் ஒரு கணக்குக்கூட சரியாகப் போடவில்லை. நிஜப் பரீட்சையிலும் இப்படியே போட்டால் தனி வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். அவளுக்கு இருப்பது ஒரே சிநேகிதி. அவள் இந்த வகுப்பில் இருக்கிறாள். பாப்பா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் அடக்கி அடக்கி அழுததைக் கேட்டேன்.

அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், அவளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன். மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. கேள்வியும் அதைப் பற்றியே இருந்தது.

“‘உன் வீட்டில் நான்கு நாற்காலிகள். வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்தால் காலியாக இருப்பவை எத்தனை?’ எங்க, சொல்லு பாப்பா.”

“சைபர்.”

“எப்படி? நான், அம்மா, நீ. நாலுல மூணு போனா?”

“ஒண்ணு.”

“அப்புறம் ஏன் சைபர்ங்கற?”

“நாலு பேருப்பா.”

“நாலாவது யாரு?”

பாப்பா பென்சிலைக் கடித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நான் திரும்பினேன். அங்கே பின்னறைக் கதவு இருந்தது.

அந்த அறை பூட்டிக் கிடப்பது. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ‘ரெண்டே நாள்’ என்று வந்து மாதக்கணக்கில் தங்கிவிட்டுப் போன அறை. ‘இனிமேல் உன் தம்பி என் வீட்டு முன்வாசலை மிதிக்கக் கூடாது’ என்று அன்று நான் போட்ட சபதம் உறவுக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். இப்போது உள்ளே ஒரு பழைய கட்டிலும் உடைந்த சைக்கிளும்தான் கிடக்கின்றன. சாவி மனைவியிடம்.

“சொல்லு பாப்பா. யாரு?”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யாருக்கு?”

“அவருக்குத்தான்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரே இருந்த நாலாவது நாற்காலி கொஞ்சம் வெளியே இழுபட்டிருந்தது, யாரோ சாப்பிட்டுவிட்டு எழுந்து போனதுபோல. மெல்ல அதில் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

சமையலறைக்குப் போனேன். ஓடினேன் என்று சொல்பவர்களும் உண்டு.

“பாப்பா நம்ம வீட்ல நாலு பேருங்கறா.”

மனைவி கரண்டியைத் துடைத்து மாட்டினாள். “குழந்தைங்க கண்ணுக்கு எல்லாம் தெரியும்னு சொல்வாங்க.”

“என்ன எல்லாம்?”

“அதை எதுக்குப் பேசிக்கிட்டு? விளக்கு வெக்கிற நேரத்துல.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ‘இந்தக் கேள்வித்தாள் குழந்தைகளைக் குழப்புகிறது’ என்று ஆரம்பிக்கும் ஒரு முழக்கத்தைத் தொண்டைவரை கொண்டுவந்திருந்தேன். தலைமை ஆசிரியை பாப்பாவின் விடைத்தாளை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“உங்க பொண்ணு கணக்குல தப்பே இல்ல சார்.”

“எல்லாத்துக்கும் தப்புன்னு போட்டிருக்கீங்களே?”

“நீங்க கட்டத்துல மூணுன்னு எழுதியிருக்கீங்க. அவ தட்டு, டம்ளர், போர்வை எல்லாத்துக்கும் நாலு வெச்சுப் போட்டிருக்கா. ஒரு இடத்துலகூட மாறல. தெரியாம தப்புப் பண்ற குழந்தை இப்படிப் பண்ணாது.” கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தணித்தார். “உங்க வீட்ல நாலாவதா யாரு சார் இருக்காங்க?”

என் முழக்கம் வந்த வழியே வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. மதிப்பெண் இல்லாத கடைசிக் கேள்விக்கு, வீட்டை வரைந்து ஜன்னல்களை எண்ண வேண்டும். பாப்பா அழகாக வரைந்திருந்தாள். முன் ஜன்னலில் யாரும் இல்லை. பக்கத்து ஜன்னலிலும் யாரும் இல்லை. பின்னறை ஜன்னலில் ஒரு முகம். அது சிரித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே டிக் டிக் என்று ஒரு சத்தம். நெடுநாளாக நின்றுபோயிருந்த கூடத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தேன். முள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சுவரோரம் தரையில் ஒற்றை ஸ்க்ரூ கிடந்தது.

“இதை யாரு ஓடவிட்டது?”

“நானும் அதைத்தாங்க யோசிக்கிறேன்,” என்றாள் மனைவி. “மத்தியானம் கண்ணசந்தேன். எழுந்து பார்த்தா ஓடிட்டிருக்கு.”

“பின்னாடி ஓடுதேம்மா!”

“ஏதோ ஒரு பக்கம் ஓடுதில்ல? இத்தனை நாளா நீங்க சரிபண்றேன் சரிபண்றேன்னு சொன்னப்ப எந்தப் பக்கமும் ஓடல.”

பயந்தாலும் நான் ஆய்வாளன். ஆபீசிலிருந்து சோதனைத் தராசைத் தூக்கிவந்தேன். குளியலறைச் சோப்பைக் காலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு எடை போட்டேன். சாயங்காலம் வந்து மறுபடி எடை போட்டேன். சோப்பு இளைத்திருந்தது. தினமும் போட்டேன். தினமும் இளைத்தது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், சோப்பு சொல்லாது. பகல் நேரத்தில் என் வீட்டில் யாரோ குளிக்கிறார்கள், அதுவும் தாராளமாக.

“ஏம்மா, பேய் குளிக்குமா?”

“சுத்தமான பேயா இருக்கும்.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“பழகிடுச்சுங்க. பகல்ல சத்தம் கேக்கும். பெருமூச்சு விடும். சோம்பல் முறிக்கும்.”

“பேய் எதுக்குச் சோம்பல் முறிக்கணும்?”

“வேலைவெட்டி இல்லாம ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா யாருக்கும் வரும்.”

இத்தனைக்கும் பிறகு உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. நான்தான் சபதம் போட்டிருந்தேனே. ஒருமுறை முத்திரை வைத்த தராசை உடனே மறுபடி சந்தேகப்படுவது எங்கள் இலாகாவில் வழக்கமில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போயிற்று. மனைவி மேசையில் மெழுகுவத்தி ஏற்றினாள். பாப்பா அதன் வெளிச்சத்தில், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், கேள்வி வாசித்துக்கொண்டிருந்தாள். “உன் வீட்டில் ஒருவர் வெளியே போகிறார். மீதி எத்தனை பேர்? உன் வீட்டில் இருவர் வெளியே போகிறார்கள். மீதி எத்தனை பேர்?” கூடத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஆள் அரவமே இல்லை.

பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது.

பாப்பா வாசிப்பதை நிறுத்தினாள். “அவரு எந்திரிச்சிட்டாரு,” என்றாள்.

ஒரு காலடி. இன்னொரு காலடி. கதவின் கீழ் இடுக்கில் ஒரு மெல்லிய வெளிச்சம் இப்படியும் அப்படியும் நகர்ந்தது. பூட்டு லேசாக அசைந்தது. நான் ஆண்பிள்ளை என்பதை ஒரு நிமிஷம் ஒத்திவைத்துவிட்டு மனைவியின் முதுகுக்குப் பின்னால் போனேன்.

“யாரையாவது கூப்பிடு!”

“யாரைங்க கூப்பிடறது?”

“யாரா இருந்தா என்ன! உயிரோட இருக்கற மனுஷன் ஒருத்தன் அந்த ரூம்ல தங்கினாப் போதும்!”

“நிஜமாவா சொல்றீங்க?”

“சத்தியமா!”

“அப்படி வந்து தங்கறதுன்னா என் தம்பி ஒருத்தன்தான். ஆனா நீங்க சபதம்...”

“சபதமாவது சட்டியாவது! உன் தம்பி என்ன, உங்க குடும்பமே வந்து இருக்கட்டும்!”

“பாப்பா, அப்பா சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா.”

“அப்ப நாளைக்குக் கொண்டுபோற விடைத்தாளை எடு. ஏங்க, கட்டத்துல நீங்க எழுதி வெச்சிருக்கற மூணை அடிச்சிட்டு நாலுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க. தம்பியை மனசாரத்தான் கூப்பிடறீங்கன்னு அப்பத்தான் நம்புவேன்.”

மூணை அடித்துவிட்டு நாலு போட்டேன். கையெழுத்தும் போட்டேன். மனைவி அதை மெழுகுவத்திப் பக்கம் கொண்டுபோய்ச் சரிபார்த்தாள். பிறகு பின்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“டேய், வெளிய வாடா. மாமா சரின்னுட்டாரு.”

அவள் இடுப்பிலிருந்த சாவி பூட்டைத் திறந்தது. கையில் டார்ச்சோடு மச்சான் வந்தான். தலை ஈரமாக இருந்தது. போட்டிருந்தது என் சட்டை. அடித்தது என் சோப்பின் வாசனை.

“நல்லா இருக்கீங்களா மாமா? முகம் வெளுத்திருக்கே.”

“நீ... எப்ப வந்த?”

“போன மழையிலயே வந்துட்டேன் மாமா. வேலை போயிடுச்சு.”

“அப்ப என் சபதம்?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“முன்வாசலை மிதிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? பின்வாசல் வழியாத்தான் வந்தான். உங்க வார்த்தையை நான் என்னிக்காவது மீறியிருக்கேனா?”

“பாப்பாகிட்ட மூணுன்னு எழுதச் சொல்லியிருந்தா இத்தனை வம்பு இல்லையே!”

“பிள்ளைக்குப் பொய்க்கணக்கு எழுதச் சொல்லித்தரணுமா? அதுவும் தராசு ஆபீசர் வீட்ல? எது நிஜமோ அதை அவ எழுதட்டும். மாத்த வேண்டியது உங்களைத்தானே.”

மச்சான் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். “மாமா, பகல்ல பொழுது போகலைன்னு கடிகாரத்தைப் பிரிச்சு மாட்டினேன். ஸ்க்ரூ ஒண்ணு மீதியாயிடுச்சு. பார்த்தீங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் எதைப் பிரித்து மாட்டினாலும் ஒன்று மீதியாகும். என் மிக்சியும் இஸ்திரிப்பெட்டியும் அப்படித்தான் உயிரைவிட்டன. நான் சபதம் போட்டதே அதனால்தான். ஸ்க்ரூ என் சட்டைப்பையிலேயே இருந்தது. தடயம் என்று பத்திரப்படுத்தியிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

நிஜப் பரீட்சையில் பாப்பா எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டுவிட்டாள். சிநேகிதியின் பக்கத்திலேயே உட்காரப் போகிறாள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. பல் டாக்டர் குழுவில் கேட்டிருந்தார்: “தலைவரே, போராட்டம் என்னாச்சு?” நான் எழுதினேன்: “கேள்விகள் மிகவும் சிறப்பானவை.” முதல்தடவையாக என் மனைவி ஒரு கைதட்டும் பொம்மை அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மச்சான் என் ஆபீஸ் தராசைப் பிரித்துப் பரப்பியிருந்தான். பாப்பா பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். சமையலறையில் மனைவி தட்டுகளை எடுக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற இடத்தில்தான் இருந்தோம்.

பின்னறையில் யாரோ இருமினார்கள்.

வயதான இருமல். பிறகு செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் ஓசை. அது கதவுப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. மச்சானைப் பார்த்தேன். அவன் ஒரு ஸ்க்ரூவை வாயில் கவ்வியபடி என்னைப் பார்த்துச் சிரித்தான், பாப்பா வரைந்த படத்தில் இருந்த அதே சிரிப்பு.

“யா... யாரது?”

“நீங்கதானே உங்க குடும்பமே வந்து இருக்கட்டும்னீங்க,” என்றாள் மனைவி, தட்டுகளோடு வந்தபடி. “அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மத்தியானமே வந்துட்டாரு. பின்வாசல் வழியாத்தாங்க.”

நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் எல்லோரும் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமனார், மச்சான், மனைவி, பாப்பா.

“அஞ்சு பேரு, நாலு நாற்காலி,” என்றாள் பாப்பா, தலை நிமிராமல். “மீதி ஒண்ணு. சரியாப்பா?”

“சரிதாம்மா,” என்றேன், தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி.