கம்பிக்கு மஞ்சத்தண்ணி

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்ப லேசு. மண்ணுக்குள்ள தண்ணி இருக்கான்னு மெசின் வச்சுப் பார்க்கக் கொழும்புல இருந்து வர்ற எஞ்சினியருக்கு நாலு ஆளைக் குடுத்து, கூட நிக்கணும். அவ்வளவுதான்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருசம் ஆச்சு, எங்க ஆளுங்க குடியிருக்குற லயத்துக்குத்தான் இன்னும் தண்ணி வரல. வேனல் வந்துட்டா ஊத்துத்தண்ணி விழுற ஒரே பீலியும் நூல் மாதிரி ஒழுகும். குடத்துக்குக் குடம் சண்டை. துரை பங்களா ரோசாச் செடிக்கு மட்டும் ஒரு கொறையும் இல்லை.

துரை கண்டிப்பாச் சொல்லிட்டாரு. மெசின் தண்ணின்னு காட்டுனா லயத்துக்குக் கெணறு. காட்டலேன்னா கெணறு பேச்சே கூடாது.

எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரரு. லயத்துக்குக் கீழ நாலு இரும்புக் கம்பியை வரிசையா அடிக்கச் சொல்லி, வயரை மெசின்ல மாட்டி, மண்ணுக்குள்ள கரண்ட் விட்டாரு.

"மண் கரண்டைத் தடுத்தால் முள்ளு ஏறும். அது காஞ்ச பாறை. தடுக்காட்டி முள்ளு இறங்கும், கீழ தண்ணி."

எல்லாம் தெரிஞ்ச மாதிரி நானும் தலையாட்டுனேன்.

முள்ளு ஏறுச்சு. ஏறிக்கிட்டே இருந்துச்சு.

"பின்னேரம் இன்னொருக்காப் பாப்பம்"னு சொல்லிட்டு அவரு பங்களாவுக்குச் சாப்பிடப் போயிட்டாரு.

கம்பி அடிக்க வந்திருந்த மாரியாயி, கொழுந்து பறிக்கிற பொண்ணு, என்னை மொறைச்சுச்சு. "ஏங்கய்யா, முனிக்குச் சொல்லாமயா கம்பி அடிச்சீங்க?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. செடியைக் கவ்வாத்து வெட்டணும்னாலே முனிக்குப் பூசை போடாமக் கத்தி எடுக்க மாட்டாங்க எங்க ஆளுங்க. "போட்ருவோம்"னேன், பெரிய மனுசன் கணக்கா.

பொம்பளைங்க குடம் குடமா மஞ்சத்தண்ணி கொண்டாந்து கம்பிக்குக் கம்பி ஊத்துனாங்க. கண்ணு பட்டிருக்கும்னு உப்பையும் அள்ளிக் கொட்டுனோம். உப்பு என்னோட யோசனை.

படிச்ச மனுசன் பார்த்தாச் சிரிப்பாரேன்னு பூவையெல்லாம் பொறுக்கிட்டு, ஈரத்து மேல காஞ்ச மண்ணைத் தூவி மறைச்சேன். அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

பின்னேரம் முள்ளு தொபுக்குன்னு எறங்குச்சு.

"நல்ல தண்ணி கிடக்கு"ன்னாரு எஞ்சினியர். "காலமை உங்கட ஆக்கள் கம்பியைச் சரியா அடிக்கேல்லை."

திட்டு வாங்கியும் சந்தோசமா முனியைக் கும்பிட்டோம்.

வாரக்கணக்குல வெட்டுனோம். காஞ்ச மண்ணு, அதுக்குக் கீழ கருங்கல்லு. கடப்பாரை துள்ளுச்சு. கெணறு போச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

துரை வந்து குழியை எட்டிப் பார்த்தாரு. "மெசின் தண்ணி சொன்னது. தண்ணி எங்கே?"

மாரியாயிதான் பட்டுன்னு சொல்லுச்சு. "பீலியில வரிசையில நின்னு புடிச்ச தண்ணி அம்புட்டையும் அன்னைக்கு இங்கதானே ஊத்துனோம். மெசினுக்குத் தெரியாமயா இருக்கும்?"

அப்பத்தான் இந்த மரமண்டைக்கு வெளங்குச்சு. முள்ளைக் கீழ எறக்குனது நாங்க ஊத்துன உப்புத்தண்ணி.

அது பேசுனது பிடிபடாம துரை என் பக்கம் திரும்புனாரு. "அவ என்னா சொல்றது?"

"லயத்துல தண்ணிக் கஷ்டமாம், துரை"ன்னேன்.