மாப்பிள்ளை வீட்டுக் கோளாறு

பேரன் கண்ணில் இருக்கிற கோளாறு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, சம்பந்தியின் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று தையல்காரர் சபதம் போட்டுவிட்டார்.

மகள் வயிற்றுப் பேரன் ஒரு மரம் வரைந்து, இலைக்கெல்லாம் பழுப்பும் அடிமரத்துக்குப் பச்சையும் பூசியிருக்கிறானாம். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி டீச்சர் அனுப்பியிருந்தார். தையல்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. இருந்தாலும் டீச்சர் பொய் சொல்வாரா? அப்படியென்றால் அது மாப்பிள்ளை வீட்டுக் கோளாறேதான். தன் பரம்பரைக் கண் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"பையனை நாங்க கூட்டிட்டுப் போறோம். நீங்க கடையைப் பாருங்க," என்றாள் மனைவி.

ஒருவேளை தன் பிறந்த வீட்டு வண்டவாளமும் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது. அவருக்கு உற்சாகம் இரண்டு மடங்கானது. சம்பந்தியையும் வம்படியாக இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரம்மா பேரனைப் பரிசோதித்துவிட்டு, இந்த மாதிரி நிறக்குருடு ஆண்பிள்ளைக்கு அம்மா வழியாகத்தான் வரும், அப்பா வீட்டுக்கு இதில் பங்கே கிடையாது என்றார். சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தையல்காரர் அசரவில்லை. மனைவியைப் பார்த்து, "கேட்டியா, எல்லாம் உன் வழிதான்," என்றார்.

மகளுக்கு அது அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாமாம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தை டாக்டரம்மா நீட்டினார். மனைவி கடகடவென்று படித்துவிட்டாள். அடுத்து அவர் முறை.

"எண் எங்கே டாக்டர்? வெறும் புள்ளிதானே இருக்கு?"

டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்திலும் வெறும் புள்ளிதான். இந்தக் குறை உள்ள அப்பா, பெற்ற பெண்கள் எல்லோருக்கும் அதைக் கொடுத்துவிடுவார், பெண்ணுக்குப் பார்வையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அவள் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா விளக்கினார்.

அப்போதுதான் தையல்காரருக்கு உறைத்தது. தைக்க எடுக்கும் ஒவ்வொரு துணியோடும் அதற்கான நூல்கண்டு தயாராக இருக்கும். எல்லாம் மனைவி எடுத்து வைத்தது. என் தொழிலில் மூக்கை நுழைக்காதே என்று அதற்கும் எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறார்!

வெளியே வந்ததும், "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"கல்யாணமான வாரமே. பச்சைச் சட்டைக்குப் பழுப்பு நூல் போட்டுத் தைச்சீங்க."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கத்தரிக்கோலைக் கீழே வச்சிருப்பீங்க. நல்ல கைங்க அது. வீணாப் போகலாமா?"

இவள் இல்லாவிட்டால் இந்தக் கடை ஏது, இந்தப் பேர் ஏது? நடுத்தெருவில், சம்பந்தி பார்க்கப் பார்க்க, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்று கெஞ்சினார்.

"அவங்க எல்லாருக்கும் தெரியுங்க. சம்பந்திக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாளா எல்லாரும் பாடுபட்டோம்."