மெற்றில்டா மச்சாளை எழும்ப விடாத ஜாஸ்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கரம்பொன் மாதா கோயிலில மெற்றில்டா மச்சாளின்ர கலியாணம். பூசை முடிய, கடைசிப் பாட்டுக்குக் கீபோட் வாசிக்கவேணும்.

பாட்டுக்குழுத் தலைவர் அன்ரன் அண்ணை முதல்நாளே சொல்லிப்போட்டார். "தம்பி, மூண்டு கோட் தான். நேர போம், நேர வாரும். உம்மட விளையாட்டு ஒண்டும் வேண்டாம்." கோட் எண்டால் மூண்டு நாலு கட்டையை ஒண்டாச் சேத்து அமத்திறது.

"ஓம் அண்ணை" எண்டனான். நான் மெல்லமாக் கதைக்கிற ஆள். அதால என்ர ஓமை எல்லாரும் நம்பிவிடுவினம்.

பிழை பாரிஸ் மாமாவில. சமாதான காலத்தில வந்தவர், ஒரு ஜாஸ் கசெற்றைத் தந்திட்டுப் போட்டார். அம்மா சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில இருந்து அதையே போட்டுப் போட்டுப் பழகினனான். பாட்டு முடியிற கோட் இருக்கெல்லே, அதுதான் வீடு. ஜாஸில வீட்டுக்கு நேர வரக்கூடாது. பக்கத்துக் கோட்டுக்குள்ள பூந்து, அடுத்ததை எட்டிப் பாத்து, போற வழியில புதுசா ஒரு மெட்டுக் கட்டி, பிறகுதான் வரவேணும். என்ர அப்பப்பா கதை சொல்லுற மாதிரி!

அம்மா மட்டும் "கீபோட் பழுதாப் போச்சோ?" எண்டு கேட்டவ.

மாப்பிளை எழுவைதீவு. விருந்தும் அங்கை. ஆட்டிறைச்சி அங்கை அடுப்பில, மச்சாளின்ர மாமனாரின்ர வள்ளம் இஞ்சை துறையில. பொழுதுபட முதல் வெளிக்கிடாட்டில் நேவி விடாது.

எங்கட கோயிலில ஒரு வழக்கம். கடைசிக் கோட் விழுந்து, பாட்டுக்குழு 'ஆமென்' பாடினாப் பிறகுதான் பொம்பிளை மாப்பிளை முழங்காலில இருந்து எழும்புவினம். அதுக்கு முதல் ஒருத்தரும் அசையமாட்டினம்.

பாட்டு நல்லாத்தான் போச்சு. கடைசி அடி. வீடு ஒரு விரல் தூரம். கை கேட்டால்தானே! பக்கத்துக் கோட்டுக்குள்ள பூந்திட்டுது.

வடிவா இருந்துது. இன்னொண்டுக்குள்ள பூந்தன்.

பாட்டுக்குழு ஆமெனுக்கு வாயைத் திறந்துது. நான் கோட்டை மாத்தினன். வாயை மூடிச்சுது. திரும்பத் திறந்துது. திரும்ப மாத்தினன். கரையில போட்ட விளைமீன் மாதிரி வரிசையா வாய்கள்!

அப்பதான் விளங்கிச்சுது, வந்த வழி எனக்கே தெரியேல்லை.

"முடிச்சுப்போடும் தம்பி!" எண்டார் அன்ரன் அண்ணை.

"வழி தேடுறன் அண்ணை."

"என்ன? ஒண்டும் கேக்கேல்லை!"

"வழி தேடுறன்!"

மாமனார் மணிக்கூட்டைப் பாத்தார். "பாதர், இது என்ன பாட்டு?"

"எனக்கும் புதுசுதான்" எண்டார் பாதர்.

மச்சாள் முகத்தை மூடின நெற்றைத் தூக்கிப்போட்டுத் திரும்பினா. "டேய்! கால் விறைச்சுப் போச்சு. கலியாணம் முடிஞ்சும் எழும்ப ஏலாமல் கிடக்கிறன்ரா!"

பயத்தில கை இன்னும் தூரத்துக்கு ஓடிச்சுது.

கடைசியில அன்ரன் அண்ணை வந்து வயரைப் பிடுங்கினார். ஆமென் ஆளுக்கொரு சுருதியில விழுந்துது. சனம் துறைக்கு ஓடிச்சுது.

துறையில நிண்ட நேவிக்காரர் தனக்குத் தெரிஞ்ச ஒரே தமிழைச் சொன்னார்: "நாளைக்கு."

அண்டு எழுவைதீவு ஆக்கள் முழு ஆட்டையும் சாப்பிட்டு முடிச்சினம். பொம்பிளை மாப்பிளைக்கு எங்கட வீட்டில பாணும் சம்பலும். கட்டிலையும் குடுத்திட்டு நான் விறாந்தையில பாயோட. மச்சாள் முழங்காலைத் தேச்சுக்கொண்டு என்னை முறைச்சா. மாப்பிளை பாவம், நல்ல மனிசன்.

"நல்ல வாசிப்புத்தான் தம்பி" எண்டார். "ஆனால் அது முடிஞ்சுதோ?"

இப்பவும் கலியாணங்களுக்கு என்னைக் கூப்பிடுகினம். தொடங்க முதல் கடைசிக் கோட்டை ஒருக்கா அமத்திக் காட்டச் சொல்லுகினம், அவ்வளவுதான்.