ரெகார்ட் ரூமில் தேனீ

ரெகார்ட் ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அதனால் கெசியா கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது உள்ளே வர வேண்டுமானால் முதலில் அவளைத்தான் தள்ள வேண்டும்.

சுற்றிலும் பழைய பில் கட்டுகள். மடியில் துணிப்பை. வலது கையில் தாய்ப்பால் எடுக்கிற கைப்பம்ப். அழுத்தி விட வேண்டும், மறுபடி அழுத்தி விட வேண்டும். பாட்டிலின் அடி நனைவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போயிற்று.

"போதும்பா" என்று அவள் பம்ப்பிடமே சொன்னாள்.

பேறுகால லீவு முடிந்து அவள் பிம்ப்ரியில் இருந்த ஆபீசுக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இயந்திர உதிரிபாகங்கள் செய்கிற சின்னக் கம்பெனி. அவளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. கோர்படியில் இருந்த அவர்கள் வீட்டில் குழந்தை டானியாவை, வீட்டிலிருந்தே வேலை செய்கிற கணவன் கார்ல் பார்த்துக்கொண்டான். பகல் முழுக்க டானியா குடிக்கப் பால் வேண்டும். கெசியா ஆபீசில் எடுத்துக்கொண்டு போனால்தான் மறுநாளைக்குப் பால்.

வந்த முதல் நாளே மேனேஜரிடம் சொல்லிவிடத்தான் பார்த்தாள். மேனேஜர் பாலசுப்ரமணியனை எல்லோரும் பாலு சார் என்பார்கள். பெண்களிடம் பேசும்போது சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்துத்தான் பேசுவார். காலண்டர் இல்லாத இடத்தில் பேசவே மாட்டார்.

"சார், எனக்கு பகல்ல ரெண்டு தடவை ஒரு தனி ரூம் வேணும். குழந்தைக்கு..."

"ம். ம்." பாலு சாரின் காது சிவந்தது. காலண்டரில் அடுத்த மாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "பாக்கலாம். எல்லாம் பாக்கலாம்." கேபினிலிருந்து அவரே எழுந்து வெளியே போய்விட்டார். கெசியா காலியான நாற்காலிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த மனிதரிடம் இதற்கு மேல் பேச முடியாது என்று முடிவு செய்துதான் ரெகார்ட் ரூமைப் பிடித்தாள். அதிலும் ஒரு சங்கடம். பாலு சாரின் கேபினுக்கும் அந்த அறைக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. அதனால்தான் சத்தமில்லாத கைப்பம்ப். சர்ச்சில் பாடுகிற சிநேகிதி ரீனா சொன்னது: "மிஷின்லாம் வேணாம்டி. கையால பண்றதுதான் பெஸ்ட். நான் ரெண்டு பிள்ளைக்கும் அப்படித்தான்."

ரீனாவின் கணவருக்கு ஜிம் இருக்கிறது என்பதும், ரீனா தினம் அங்கே எடை தூக்குகிறவள் என்பதும் கெசியாவுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். பாலு சார் காலண்டரிடம் கேட்டார்: "கைக்கு என்ன?"

"சுளுக்கு சார்."

"அப்ப கம்ப்யூட்டர் வேணாம். ஃபோன் எடுங்க. வைஷு உங்க என்ட்ரியைப் போடட்டும்."

வைஷு ரிசப்ஷனில் இருக்கிற மராத்திப் பெண். ஃபோன் மேஜை வாசலுக்கு எதிரில் இருந்தது. அதை விட்டு எழுந்தால் ஊருக்கே தெரியும். அன்று மாலைக்குள் மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டது. மெட்ரோவில் யாரும் இடித்துவிடாமல் இரண்டு கைகளையும் முன்னால் கட்டியபடி, ஒரு மூலையில் நின்றே வீடு வந்து சேர்ந்தாள்.

"கெஸ், நான் ரிசர்ச் பண்ணேன் நா" என்றான் கார்ல். அவன் தமிழில் பாதி இந்தியும் ஆங்கிலமுமாக வரும். "மேனுவல் இஸ் அவுட். எலெக்ட்ரிக்தான் வேணும். நான் எல்லா ரிவ்யூவும் படிச்சிட்டேன்."

கார்ல் எதையும் படிக்காமல் வாங்க மாட்டான். கல்யாணத்தன்று கட்டிய டைக்குக்கூட விமர்சனம் படித்தவன்.

"சத்தம் வருமா?"

"விஸ்பர் க்வையட்னு போட்டிருக்கு."

வந்த பம்ப்பை வீட்டில் போட்டுப் பார்த்தபோது, தூங்கிக்கொண்டிருந்த டானியா விழித்து அதையே உற்றுப் பார்த்தாள். கீழ் வீட்டிலிருந்து யாரோ, "இந்த நேரத்துல மிக்ஸியா?" என்று கேட்டார்கள்.

"யாரு விஸ்பர் பண்ணுவா இப்படி?" என்றாள் கெசியா.

"ஒருத்தர் ரிவ்யூல எழுதியிருந்தாரு, சத்தம் பழகிடும்னு."

"அந்த ஒருத்தருக்கு மேனேஜர் பக்கத்து ரூம்ல இருந்தாரா?"

ஆனாலும் கையில் வேறு வழி இல்லை. மெட்ரோவில் பையை சோதனை செய்கிற போலீஸ்காரப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யே க்யா ஹை?" என்று அது என்னவென்று கேட்டாள்.

"தூத் கா மிஷின்." பால் மிஷின் என்று சொல்லிவைத்தாள்.

"அச்சா! வீட்டில் எருமை இருக்கா?" என்று இந்தியில் கேட்டாள் அவள்.

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "ஹாங்" என்று ஆமாம் போட்டுவிட்டு கெசியா நடந்தாள்.

மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டதால் பழைய மேஜை திரும்பக் கிடைத்தது. ரெகார்ட் ரூமில் பம்ப்பைப் போட்டாள். கை சும்மா இருந்தது. பாட்டிலும் மளமளவென்று நிறைந்தது. ராத்திரியெல்லாம் தூங்காத கண் மெல்லச் செருகியது. அரைத் தூக்கத்தில் அந்த மோட்டாரின் சத்தம் அவளுக்குப் பேச்சாகவே கேட்க ஆரம்பித்தது.

*பாலு-சார்... பாலு-சார்... பாலு-சார்...*

திடுக்கிட்டு விழித்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பம்ப் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதறி நிறுத்துவதற்கு பதிலாக வேகத்தைக் கூட்டிவிட்டாள். *பாலுசார்பாலுசார்பாலுசார்!*

"என்னது அது சத்தம்?" வெளியே கணக்குப் பிரிவின் ராம்பிரசாத்தின் குரல்.

காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பாலு சார் சொன்னார்: "தேனீ."

"தேனீயா?"

"ரெகார்ட் ரூம்ல கூடு கட்டியிருக்கு. யாரும் அந்தப் பக்கம் போக வேணாம்."

கெசியா பம்ப்பை ஒருவழியாக நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் கதவில் பெரிய போர்டு தொங்கியது. 'அபாயம். தேனீக்கள். உள்ளே வரக் கூடாது' என்று மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும். கூடவே காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் ட்ரில் மிஷினோடு வந்து உள்ளே போனார்கள்.

"தேனீ புடிக்க ட்ரில் எதுக்கு?" என்று வைஷுவிடம் கேட்டாள் கெசியா.

"கூடு சுவருக்குள்ளே இருக்காம்" என்று வைஷு கண்களை அகல விரித்தாள். "சாரே நின்னு பாத்துக்கிறாரு. ராம்பிரசாத் எட்டிப் பாக்கப் போனாரு, சார் கத்துன கத்துல ஓடி வந்துட்டாரு. சார் கத்தி நான் பாத்ததே இல்லை."

அந்த ஆபீசில் தேனீ எது என்று தெரிந்தவள் கெசியா ஒருத்திதான். சுவரையெல்லாம் உடைத்துத் தேடியும் ஒரு தேனீகூடக் கிடைக்காவிட்டால், அடுத்து அவர்கள் எதைத் தேடுவார்கள்? அதற்குப் பிறகு ரெகார்ட் ரூம் இருந்த திசையில்கூட அவள் போகவில்லை.

லேடீஸ் டாய்லெட்டுக்குப் போனாள். அந்த மாடிக்கே ஒன்றுதான். வெளியே வரிசையில் நின்ற பெண்கள், "மேடம், தபியத் டீக் ஹை நா?" என்று உடம்பு விசாரித்துக் கதவைத் தட்டினார்கள். மாடிப்படியின் மேல் வளைவுக்குப் போனாள். அங்கே லிஃப்ட் ரிப்பேர்காரர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்தும் இடத்தில் ராம்பிரசாத்தின் கார் நிழலில் இருந்தது. சாவி கேட்க வேண்டும் என்று நினைத்தபோதே, எதற்கு என்று அவர் கேட்பாரே என்றும் தோன்றியது.

பால் குறைய ஆரம்பித்தது. ஒரு நாள் கார்ல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரு சொட்டும் சிந்தாமல் ஃபிரிட்ஜில் வைத்தான். அந்தக் கவனம்தான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

"பவுடர் பால் கொடுக்கலாம் கெஸ். நாங்கல்லாம் அதுல வளந்தவங்கதான் நா."

"தெரியும். அது தப்புன்னு நான் சொல்லல. என்கிட்ட இருக்குது கார்ல். இருந்தும் கொடுக்க ஒரு இடம் இல்ல. அதான்."

அன்றிரவே கார்ல் மறுபடி ரிவ்யூ படிக்க உட்கார்ந்துவிட்டான். இந்த முறை கிடைத்தது, உடைக்குள்ளேயே வைத்துக்கொள்கிற பம்ப். கிண்ணம் மாதிரி இரண்டு. வயர் இல்லை, டியூப் இல்லை, நிஜமாகவே சத்தமும் இல்லை. ஃபோனில் ஒரு ஆப் வழியாக வேலை செய்யும். பெயர் 'மம்மி ஹக்'.

"ரூமே வேணாம்" என்றான் கார்ல் பெருமையாக. "துப்பட்டா போட்டுட்டு உன் சீட்லயே உட்காரு. யாருக்குத் தெரியும்?"

உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை, மீட்டிங் வரைக்கும்.

உதிரிபாகம் வாங்குகிற சாக்கன் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். மீட்டிங் நீண்டுகொண்டே போனது. மார்பு கனத்து வலித்தது. கெசியா துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு, மேஜைக்கு அடியில் ஃபோனைத் தொட்டாள். இரண்டு கிண்ணங்களும் சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கின. பல நாளைக்குப் பிறகு அவள் தோள்கள் தளர்ந்தன.

ராம்பிரசாத் பெரிய திரையில் கணக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. 'மம்மி ஹக் லெஃப்ட் இணைய விரும்புகிறது. அனுமதிக்கலாமா?'

"யாரோட இயர்ஃபோன் இது?" என்றபடி அவர் அனுமதி கொடுத்துவிட்டார்.

'மம்மி ஹக் ரைட் இணைய விரும்புகிறது.'

அதற்கும் கொடுத்தார்.

கெசியா மேஜைக்கு அடியில் ஃபோனைத் தேய்தேய் என்று தேய்த்தாள். பயத்தில் விரல்கள் ஒன்றை விட்டு ஒன்றை அழுத்தின. அறையின் நான்கு மூலை ஸ்பீக்கர்களிலிருந்தும் இனிமையான ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அறிவித்தது:

"வாழ்த்துகள் அம்மா! இடது பக்கம் நிறைந்துவிட்டது."

சாக்கன்காரர்கள் எல்லோரும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பாலு சார் எழுந்தார். மடமடவென்று போய் புரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கரின் பிளக்கையும் பிடுங்கினார்.

"கரண்ட் போயிடுச்சு" என்றார் ஆங்கிலத்தில். "மீட்டிங் ஓவர். எல்லாரும் டீ சாப்பிடப் போகலாம்."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அது எப்படி என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவர் முகம் அவ்வளவு சிவந்திருந்தது. கெசியா தலை நிமிரவே இல்லை.

அடுத்த இரண்டு நாள் பாலு சார் ஆபீசுக்கே வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். எதனால் சரியில்லை என்று கெசியாவுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

"நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன் கார்ல்" என்றாள் சனிக்கிழமை காலை.

"கெஸ், பியூட்டிஃபுல் வேலை நா அது. உனக்குப் பிடிச்ச வேலை."

"பிடிக்கும். கணக்கு பிடிக்கும், அந்த ஆபீஸ் பிடிக்கும். ஆனா நான் களைச்சுப் போயிட்டேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு களைச்சுப் போயிட்டேன்." ஒரு தாளை எடுத்து ராஜினாமா எழுத ஆரம்பித்தாள். "பாலு சார் முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துடலாம். வா."

ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டானியாவைத் தூக்கிக்கொண்டு, இருவரும் ஸ்கூட்டரில் சாங்வியில் இருந்த பாலு சார் வீட்டுக்குப் போனார்கள். கேட்டைத் திறக்கும்போது ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. மறு விநாடி மறைந்தது. உள்ளே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

அவருடைய மனைவி சத்தியவதி வாசலுக்கு வந்தார். பார்த்ததும் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீதானே கெசியா? வாம்மா, வாங்க தம்பி. இவதான் டானியாவா? என்னம்மா கண்ணு இது! உக்காருங்க. அவரு இப்ப வர மாட்டாரு, நீ இருக்கேல்ல."

"ஆன்ட்டி, நான் சாரைப் பாத்து..." கெசியா கைப்பையைத் திறந்தாள்.

"அதை விடு. முதல்ல இதைச் சொல்லு. ரூம் வசதியா இருக்கா? நாற்காலி கை வெச்சதா வேணும்னு நான்தான் அவருகிட்ட சொன்னேன். பச்சைத் திரைகூட நான் தைச்சதுதான். உள்தாழ்ப்பாள் சரியா விழுதா? பக்கத்துலயே பிளக் பாயின்ட் வெக்கச் சொன்னேனே, வெச்சாங்களா?"

கெசியாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"எந்த ரூம் ஆன்ட்டி?"

"என்னம்மா எந்த ரூம்னு கேக்கறே? ரெகார்ட் ரூம்தான்."

"அங்க... அங்க தேனீன்னு போர்டு போட்டிருக்காரே சார்!"

சத்தியவதி, சாத்தியிருந்த கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி சொன்னார்:

"அங்க தேனீ இல்லைன்னு அந்த ஆபீஸ்லயே உனக்கு ஒருத்திக்குத்தானேம்மா தெரியும், அதனால நீ மட்டும் பயப்படாம உள்ளே போவேன்னு நெனைச்சாரு!"