நிஷா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்

அன்பும் மதிப்பும் மிக்க அம்பிகா அக்காவுக்கு,

ஆம்பூரிலிருந்து தம்பி புகழேந்தி எழுதுவது. இங்கே உடம்பளவில் யாருக்கும் குறையில்லை. வேலூரில் நீயும் மாமாவும் மனசளவிலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்றைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

அங்கன்வாடிப் பயிற்சி முடித்து வந்த நீ, "பாப்பா கிறுக்கட்டும், தடுக்காதே. கிறுக்கல் படமாகும், படம் எழுத்தாகும். இன்னா வரைஞ்சேன்னு மட்டும் கேளு" என்று சொன்னாய். கேட்டேன். நிஷா சுவரில் வரைந்தாள், கேட்டேன். ஃபிரிட்ஜில் வரைந்தாள், கேட்டேன். கல்யாண ஆல்பத்துல என் தலைமேல வரைஞ்சா, அதையும் கேட்டேன், "அப்பாவுக்குக் கொம்பு"ன்னா. ஷூ கம்பெனியில தோல்மேல குறி போடற சில்வர் பேனா ஒண்ணு என் பாக்கெட்டோட வீட்டுக்கு வந்துடுச்சு, அதை எடுத்துக்கினு போய் வீட்டு ஓனர் லியாகத் அலி பாயோட புது கறுப்பு ஸ்கூட்டர் முழுக்க வரைஞ்சுட்டா. அவர் ஓடி வந்து, "இன்னா பாப்பா இது?"ன்னாரு. "நீங்கதான். இது உங்க தொப்பை"ன்னா. மனுஷன் குனிஞ்சு பார்த்துட்டு, "இவ்ளோ ஜாஸ்தியாவா இருக்குது?"ன்னு என்னைக் கேக்கறாரு.

அதோட விட்டுச்சா? எல்.கே.ஜி. மிஸ் கூப்பிட்டு அனுப்பினாங்க. "கூடப் படிக்கற அம்பரீன் அகரத்துலேர்ந்து ஆய்தம் வரைக்கும் எழுதுது சார். உங்க பொண்ணை அ எழுதச் சொன்னா வட்டம் போட்டு வால் வைக்குது, கேட்டா 'இது தூங்குது'ங்குது"ன்னாங்க. அன்னிக்கே ரெண்டு கோடு நோட்டு வாங்கி, அவ கையை என் கைக்குள்ள புடிச்சு அ எழுத வெச்சேன். நான் ஒரு பக்கம் இழுக்க, அவ ஒரு பக்கம் இழுக்க, அ கிழிஞ்சுபோச்சு. பென்சிலை என்கிட்ட குடுத்துட்டு, "நீயே எழுதுப்பா, எனக்கு வராது"ன்னா.

அதுலேர்ந்து எழுதறதும் இல்ல, வரையறதும் இல்லக்கா. சிலேட்டு குடுத்தேன், ஷூ டப்பா அட்டை குடுத்தேன், தொடவே மாட்டேங்கறா. லியாகத் பாயே மாடியேறி வந்து, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? சுவரெல்லாம் சுத்தமா இருக்குதே"ன்னு விசாரிச்சாரு. கடைசியா நானே உக்காந்து யானை வரைஞ்சு காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. "இன்னாப்பா வரைஞ்சே?"ன்னு கேட்டா. என் பொண்டாட்டி பாக்யாவும் என்கிட்ட பேசறதையே கம்மி பண்ணிட்டா. பேசற குழந்தையை ஊமையாக்கின மாதிரி இருக்குது எனக்கு. இனிமே உன் யோசனை ஒண்ணும் வேணாம், போன் பண்ணாதே.

மாமாவுக்கு என் வணக்கம். உன் அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லாரும், சுவர்களும், நீடூழி வாழ வேண்டும்.

மனமுடைந்த தம்பி,
புகழேந்தி

பி.கு.: கையெழுத்து போட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா நிஷா நாற்காலிமேல முட்டி போட்டுக்கினு என் பேனாவால எழுதறா. இந்தத் தாளோட பின்பக்கம் முழுக்க அவதான். இன்னான்னு கேக்கவே பயமா இருந்துச்சு. அவளே விரல் வெச்சுப் படிச்சா: "அத்தை, வரும்போது பூனைக்குட்டி எடுத்துக்கினு வா. அப்பாகிட்ட சொல்லாதே." ஓரத்துல இருக்கறது கிறுக்கல் இல்லக்கா, நல்லாப் பாரு, அது ப. கொஞ்சம் சாஞ்சிருக்குது, ஆனா ப-தான். அடுத்து நான் இன்னா செய்யணும்னு உடனே போன் பண்ணு. பூனைக்குட்டியை மறந்துடாதே. எனக்குத் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்.