மூச்சு சார் கொடுத்த நோட்டு

அடிப்பவர் ஒரு ரகம், அடி வாங்குபவர் ஒரு ரகம். இரண்டுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடி வாங்கியவரிடம் மட்டும் "நிதானமா மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்பவர் மூன்றாவது ரகம். நீங்கள் அவரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவராவது முளைத்துவிடுவார். சம்பளமும் கூடுதல்.

அழுத்தமானிகளைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்கூடத்தில் இவர் பணியாளர் நல அதிகாரி. ஊழியர்கள் வைத்த பெயர் மூச்சு சார். அறையில் கரண்டில் ஓடும் குட்டி நீரூற்று, தட்டு நிறையக் கூழாங்கல், தட்டினால் 'டங்' என்று நீளமாக ஒலிக்கும் பித்தளைக் கிண்ணம். கிண்ணம் இருப்பது புகார்ப் பெட்டியின் மேல். பெட்டியைத் திறக்கக் கிண்ணத்தை எடுக்க வேண்டும். எடுத்தால் அமைதி கெடும். ஆகவே திறப்பதில்லை.

அவரிடம்தான் அங்கிருந்த ஒரே பெண் டெக்னீஷியன் போனாள். அம்மா இறந்து, பதினைந்து நாள் லீவு முடிந்து வந்தபோது, ஒன்பது வருடம் அவள் பார்த்த சோதனை மேசையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அவளிடம் வேலை கற்றவன். அவளுக்கு இனி ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.

"சார், ஃபோர்மேன் என் மேசையைப் பிடுங்கிட்டார். பொம்பளைக்கு அழுகைதான் வரும், அளவு வராதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்றார்."

"சரிம்மா. அப்போ உடம்புல எங்க பாரமா இருந்துச்சு?"

"உடம்புல இல்ல சார். ஒர்க்‌ஷாப்புல."

மூச்சு சார் புன்னகைத்தார். "கோபம் மேகம் மாதிரிம்மா. வரும், போகும்."

"மேகம் சரி சார். மழை ஏன் என் தலையில மட்டும் பெய்யுது?"

ஃபோர்மேனுக்கு என்ன மூச்சுப் பயிற்சி கொடுத்தார் என்கிறீர்களா? ஒன்றுமில்லை. அவருக்குத்தான் மூச்சு தாராளமாக வருகிறதே! இல்லாவிட்டால் அப்படிக் கத்த முடியுமா?

கடைசியில் மூச்சு சார் ஒரு நோட்டை நீட்டினார். "தினமும் நடக்கிறதை இதுல எழுதுங்க. நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு வேண்டாம். கவனிச்சதை மட்டும். மனசு லேசாயிடும்."

அழுத்தமானியின் முள் காட்டியதை மட்டும் எழுதிப் பழகிய கையில் போய் இப்படியொரு நோட்டைக் கொடுப்பாரா ஒரு மனுஷன்?

அவள் எழுதினாள். தேதி, மணி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள். 'அநியாயம்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. "காலை 10.20. ஃபோர்மேன்: 'அம்மா செத்தா உலகமே நிக்கணுமா?' நின்றவர்கள் மூவர். இருவர் சிரித்தனர். ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு." இன்னொரு நாள்: "மதியம் 1.05. அழுகை. ஏழு நிமிடம். காரணம் ஃபோர்மேன் அல்ல. அம்மா."

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: பயிற்சி வேலை செய்தது. எழுத்து நேராக விழுந்தது.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டிய மூச்சு சாருக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது. இருபத்தாறு பதிவுகள். அதில் ஏழு, அவரைப் பற்றி: "புகார் சொன்னேன். மேகம் என்றார்."

"இதை யார்கிட்டயும் காட்டலியேம்மா?"

"தொழிலாளர் ஆபீஸ்ல ஒரு காப்பி கொடுத்துட்டேன் சார். இவ்வளவு பதட்டமில்லாம எப்படி எழுதினீங்கன்னு கேட்டாங்க. உங்களாலதான்னு சொன்னேன்."

விசாரணை நடந்தது. மேசை அவளுக்குத் திரும்பியது. ஃபோர்மேனின் பதவி போனது. மூச்சு சார் நீண்ட விடுப்பில் போனார். பக்கத்தில் நின்ற மூவரையும் அழைத்து, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். மூவரும் ஒன்றுபோல, நல்லது செய்த முகத்தோடு சொன்னார்கள்: "பெருசா எடுத்துக்காதேன்னு ஆறுதல் சொன்னோமே சார்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வருடம் உங்களிடமும் ஒருவர் கண் கலங்கி வந்து நின்றார். "விட்டுத் தள்ளு, மனசுல வச்சுக்காத" என்று முதுகில் தட்டி அனுப்பினீர்கள். அன்றிலிருந்து அவர் உங்களிடம் எதையும் சொல்வதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?