ஈயத்தாள் சுற்றிய கோவா

ஒரு வேலையை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. தெரியாதவனாவது பயந்துபோய் நாலு பேரிடம் கேட்பான். எனக்கு வாலிப வயதில் தேயிலைப் பெட்டி அடைக்கத் தெரிந்திருந்தது. போதாதா? ஒரு மலைச்சரிவையே தொலைத்துவிட்டு வந்தேன்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்களுக்கு எது நாடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமாக இறங்கும் ஒரு சரிவில், எப்போதோ ஒரு துரை தலையாட்டியதை வைத்துக்கொண்டு, எங்கள் பெண்கள் கோவாவும் கரட்டும் லீக்ஸும் போட்டிருந்தார்கள். (முட்டைக்கோஸ் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கோவாதான்.) அண்ணன் செத்த பிறகு செல்லம்மா அண்ணி பிள்ளைகளை வளர்த்தது அந்தச் சரிவை நம்பித்தான். தோட்டத்தில் வேலை குறைகிற மாதங்களில் லயத்தில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

புதிதாக வந்த துரைக்கு அந்தச் சரிவு கண்ணை உறுத்தியது. அங்கே தேயிலை வைக்கப்போவதாகக் கணக்கப்பிள்ளை மூலம் சொல்லியனுப்பினார். லயமே இடிந்துபோய் உட்கார்ந்திருந்த சமயம், கொழும்பிலிருந்து ஒரு முதலாளி ஹட்டனுக்குத் திருவிழாப் பார்க்க வந்தார். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுப்பவர். அங்கே காதர் நானாவின் கடையில் எங்கள் கோவாவைப் பார்த்துச் சொக்கிப்போனார். வாராவாரம் லொறி கொண்டுவந்து எங்கள் மரக்கறியைக் கூடை கூடையாக ஏற்றிப் போகிறவர் காதர் நானா. அவரிடமிருந்து கமிஷன் கடை, அங்கிருந்து கொழும்புச் சந்தை, அதற்குப் பிறகு வேறு யார் யாரோ. இத்தனை கை எதற்கு, நேராக எனக்கே அனுப்புங்கள், முதலில் மாதிரிக்கு ஒரு சுமை, கப்பல்காரருக்குப் பிடித்தால் வாராவாரம் என்றார் முதலாளி.

அண்ணி இந்த வாய்ப்பை விடவில்லை. பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கப்பலுக்கு மரக்கறி கொடுக்கிற நிலத்தில் தேயிலை வைப்பது நியாயமா என்று துரையிடமே கேட்டார். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பலிலிருந்து பதில் வரட்டும், அதுவரைக்கும் தொடமாட்டேன் என்றார்.

ஆக, சரிவு நிற்பதும் போவதும் ஒரு சுமை கோவாவின் கையில் இருந்தது. அந்தக் கோவா என் கையில் வந்து சேர்ந்தது.

காதர் நானாவின் கூடைகளைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம். பிரம்புக் கூடை, சுற்றிலும் ஓட்டை, வாயில் சணல் கயிறு. கப்பலுக்குப் போகிற சரக்கை இப்படியா அனுப்புவது? நான் வேலைபார்த்த தேயிலை ஃபாக்டரியில் மூலை உடைந்த தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. ஃபாக்டரியை நடத்துகிற டீமேக்கரின் காலைப் பிடித்து ஒன்றை வாங்கிவந்து ஆணியடித்து நிமிர்த்தினேன். கோவாவை ஆற்றில் கழுவினேன். முரடாக இருந்த வெளி இலைகளை உரித்தெறிந்தேன். (தேயிலையில் காம்பு இருந்தால் மட்டம் என்று படித்தவன் அல்லவா, கோவாவையும் தரம் பிரித்தேன்.) உள்ளே ஈயத்தாள் விரித்து, ஈரத்தோடு அடுக்கி, இடைவெளி விழாதபடி பெட்டியைத் தூக்கித் தூக்கிக் குலுக்கினேன். பிறகு ஈயத்தாளை மடித்து மூடி, பலகை வைத்து, ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்தேன். ஓர் எறும்பு நுழைய முடியாது.

அண்ணி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தம்பி, இதுக்கு மூச்சு முட்டாதா?"

"லண்டனுக்கே போற பொட்டி அண்ணி இது. கொழும்புக்குப் போகாதா?"

அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு யாராவது ஓர் அறை விட்டிருக்கலாம். யாரும் விடவில்லை. பெண்கள் பெட்டிக்குச் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி ஹட்டன் ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார்கள். இனி எல்லாம் கப்பலுக்கே என்ற தெம்பில், அந்த வாரம் வந்த காதர் நானாவைச் சரக்கு இல்லை என்று வெறும் லொறியோடு திருப்பியனுப்பினோம். நான் டீமேக்கரின் பழைய கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு பயணிகள் ரயிலில் முன்னால் போனேன். கொழும்பில் இறங்கியதும் கோட்டுக்குள் வெந்துபோனேன். நான் வேகிற ஊரில் கோவா என்ன ஆகும் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். எங்கே!

பெட்டி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. முதலாளி குமாஸ்தாவை அனுப்பி மரக்கறி இறங்குகிற இடமெல்லாம் தேடச் சொன்னார். கப்பல் புறப்படும் நாள் நெருங்கியது. நான் முதலாளியின் கடை வாசலிலேயே குந்தியிருந்தேன். அண்ணியின் முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பெட்டி தேயிலைப் பெட்டி. மேலே எங்கள் தோட்டத்தின் பெயர், பக்கத்தில் தேயிலையின் தரம், எல்லாம் கொட்டை எழுத்தில். ஸ்டேஷன்காரர்கள் ஒழுங்காக அதைத் தேயிலைக் கிடங்குக்கு அனுப்பி, தேயிலையோடு தேயிலையாக அடுக்கிவிட்டார்கள். தகரக் கூரை. காற்று கிடையாது. கடைசியில் அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அதுவாகவே தன்னைத் தெரியப்படுத்திக்கொண்டது.

முதலாளியும் கப்பலின் தலைமைச் சமையல்காரரும் நானும் கிடங்குக்குப் போனபோது கூலியாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார்கள். நான் அப்போதும் நம்பிக்கையோடுதான் தகரப் பட்டியைக் கழற்றினேன். உள்ளே கோவா என்று சொல்ல ஒன்றுமில்லை. பச்சையாக ஒரு கூழ். சமையல்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். நான் கோட்டைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டு மூடினேன். (டீமேக்கர் அந்தக் கோட்டைத் திரும்பக் கேட்கவே இல்லை.)

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தேயிலை எந்த வாடையையும் குடித்துவிடும். ஃபாக்டரியில் சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. கிடங்குக்காரர் சுற்றியிருந்த தேயிலைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். அப்புறம் எங்கள் பெட்டியில் இருந்த தோட்டத்தின் பெயரைக் குனிந்து வாசித்தார். அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

நான் ஊர் வந்து சேருமுன் புகார் துரையிடம் வந்து சேர்ந்திருந்தது. துரை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அண்ணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் பின்னால் நின்றேன்.

"கப்பல் பதில் வந்தாச்சி," என்றார். "நாளைக்கி அங்க குழி வெட்டு."

அண்ணி வெளியே வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். நான் கொழும்பு வெயிலைப் பற்றியும் கிடங்கைப் பற்றியும் ஏதோ உளறிக்கொண்டே போனேன். லயம் வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் எங்கள் லயத்து ஆட்களையே அந்தச் சரிவுக்குப் பிரித்துவிட்டார்கள். ஃபாக்டரியிலிருந்து துரத்தப்பட்ட என்னையும்தான். பாத்தியில் மிச்சமிருந்த கோவாக் குருத்துகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேயிலைக்குக் குழி வெட்டினோம். அண்ணியின் பாத்தியை அண்ணியே வெட்டினார். நான் வெட்டுகிறேன் என்று போனதற்கு மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. மேலே ரோட்டில் காதர் நானாவின் லொறி வந்து நின்றது. நடந்ததைக் கேட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சரிவில் நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று எட்டிப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, காலிக் கூடைகளோடு லொறியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்தச் சரிவு தேயிலை மலையானதும் தோட்டத்தில் அதற்கும் ஒரு நம்பர் போட்டார்கள். யாரும் சொல்வதில்லை. கங்காணி முதல் கணக்கப்பிள்ளை வரை எல்லாருக்கும் அது கோவா மலை. அங்கே கொழுந்தெடுத்துவிட்டு வரும் நாட்களில் அண்ணி, "தம்பி, ஒங்க கோவா இன்னைக்கு நல்லா துளுத்திருக்கு" என்பார். லயமே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறென்ன செய்வது?

இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடினால் பேரப்பிள்ளைகள் அண்ணியை மொய்த்துக்கொண்டு பெட்டிக் கதை கேட்பார்கள். நான் குலுக்கியதையும், கோட்டுப் போட்டுக்கொண்டு போனதையும், சமையல்காரர் ஓடியதையும் அண்ணி நடித்தே காட்டுவார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அந்த இடத்தில் கதையை முடித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். குழி வெட்டியதை அவர் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.